கண்ணுக்கு ஒரே 'கொடி', தேடினால் மட்டும் கிடைக்கவில்லை. ஏன்?

சொல்தேடி:
வணக்கம். தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றில் தேட ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். பட்டியலில் 'கொடி' இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தட்டச்சு செய்து தேடினால் 'இல்லை' என்கிறது. பட்டியலிலிருந்தே நகலெடுத்து ஒட்டினால் கிடைக்கிறது. 'படி', 'மரம்' எல்லாம் ஒழுங்காக வருகின்றன. கோளாறு விசைப்பலகையிலா, எழுத்துருவிலா?

ஏட்டுப்பணி:
இரண்டிலும் இல்லை. பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரம்) மாற்றுவதுதான் என் வேலை, இது அங்கே அடிக்கடி வரும்.

விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தமிழ்99 என்ற விசை அமைப்பில் 'க' வேண்டுமென்று 'எச்' விசையைத் தட்டினால், யூஎஸ்பி வழியாகப் போவது '11ஆம் எண் விசை அழுத்தப்பட்டது' என்ற செய்திதான். அதை 'க' என்று முடிவு செய்வது இயங்குதளத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த விசை அமைப்பு. யூனிகோடில் 'க'வின் எண் 2965. கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது அது 224, 174, 149 என்று மூன்று பைட்டுகளாகிறது. எழுத்துரு கடைசியில் வந்து உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது 'கொ'வுக்கு வருவோம். க (2965), அப்புறம் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி (3018) என்று எழுதலாம். க, கொம்பு (3014), கால் (3006) என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. உங்கள் நிரல் எண்களை ஒப்பிடுவதால் இரண்டும் அதற்கு வேறு வேறு சொற்கள். இவை சமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது, ஆனால் அந்த விதியை நிரலில் நாம்தான் செயல்படுத்த வேண்டும். பைத்தான் மொழி என்றால் அதன் 'யூனிகோட்டேட்டா' தொகுதியில், சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் 'நார்மலைஸ்' இருக்கிறது. துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் 'என்எஃப்சி' வடிவத்தைக் கேளுங்கள். பட்டியல், தேடும் சொல் இரண்டுக்கும் செய்யுங்கள், ஒன்றுக்கு மட்டும் போதாது.

அச்சுக்கோவை:
இது எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடுக்கு முந்தைய பல எழுத்துருக்களில் கொம்பு, க, கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே தட்டுவோம், தட்டச்சுப் பொறியில் போலவே. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். மாற்றும் நிரல் கொம்பைப் பின்னால் நகர்த்திவிட்டுக் காலை அப்படியே விட்டால் மூன்று துண்டு 'கொ'தான் மிஞ்சும்.

சொல்தேடி:
மிக்க நன்றி, 'கொடி' கிடைத்துவிட்டது! 'கௌதாரி' மட்டும் இன்னும் வரவில்லை.

ஏட்டுப்பணி:
அங்கே கொம்புக்குப் பின்னால் ளகர எழுத்தையே (2995) தட்டியிருப்பார்கள். ஔகாரக் குறி தனி, அதன் எண் 3020. இதை நார்மலைஸ் சரிசெய்யாது, ஏனென்றால் 'ள' உண்மையிலேயே வேறு எழுத்து. எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், 'கெளுத்தி' பாழாகிவிடும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது நிஜ ளகரம், தொடாதீர்கள். எதுவும் இல்லாமல் வெறும் 'ள' நிற்கும் சொற்களை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து, ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்துங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.