சரசாலை வீடு குழு: பெரியப்பாவின் பிரியாவிடைக்கு செர்மாட் போகும் வழி

தர்ஷினி (பேர்ண்): எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் 25 ஆம் திகதி சனிக்கிழமை மாலை, சுவிஸ் மலையூரான செர்மாட்டில் பெரியப்பாவின் பிரியாவிடை. பருவம் முடிந்து பூட்டுவதற்கு முன், அவர் வேலை செய்யும் விடுதியே தன் சாப்பாட்டு அறையை நமக்குத் தருகிறது. யார் யார் எந்த வழியால் வருகிறீர்கள் என்று இன்றிரவுக்குள் எழுதுங்கள். பெரியப்பா இந்தக் குழுவில் இல்லை. நாம் எல்லோரும் வருவது அவருக்குத் தெரியக் கூடாது.

குகன் அத்தான்: எங்கள் வானில் எட்டுப் பேர் வரலாம். நேரே விடுதி வாசலில் இறங்குவோம்.

நந்தன் சித்தப்பா (ஃபிஸ்ப்): குகன், விடுதி வாசலுக்கு வான் போகாது. செர்மாட்டுக்குள் பெற்றோல், டீசல் வாகனங்கள் ஓடுவதில்லை. மின்சாரத்தில் ஓடும் சிறிய வண்டிகள் மட்டுமே ஓடுகின்றன. வெளியார் வாகனங்கள் எல்லாம் கீழே உள்ள டெஷ் என்ற ஊரில் நின்றுவிட வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து மேலே உள்ள ஐந்து கிலோமீற்றர் வீதியில் அனுமதி பெற்றவர்களைத்தான் விடுவார்கள். டெஷ் நிலையத்தோடு ஒட்டியே ஏறத்தாழ 2,000 வாகனங்கள் நிற்கக்கூடிய மூடிய தரிப்பிடம் இருக்கிறது. வானை அங்கே விட்டுவிட்டு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை புறப்படும் ரயிலில் ஏறினால் 12 நிமிடத்தில் செர்மாட் வந்துவிடும்.

குகன் அத்தான்: சாப்பாட்டுச் சட்டிகளை என்ன செய்வது, மாமா?

நந்தன் சித்தப்பா (ஃபிஸ்ப்): டெஷ்ஷில் பொதிவண்டிகள் இருக்கின்றன. வண்டியில் சட்டிகளை அடுக்கி, வண்டியோடு அப்படியே ரயிலுக்குள் உருட்டிக்கொண்டு போகலாம். பெட்டியின் தளம் மேடையோடு சமமாக இருப்பதால் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே நிலைய முற்றத்தில் விடுதியின் மின்வண்டியை நிற்கச் சொல்லி மச்சாள் ஒழுங்கு செய்வார்.

பெரியம்மா: சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியாது.

அருணா அக்கா (லண்டன்): நாங்கள் ஜெனீவாவில் வந்து இறங்குகிறோம். இரண்டு பிள்ளைகளும் ஒரு தள்ளுவண்டியும் இருக்கின்றன. எத்தனை இடத்தில் மாற வேண்டும், சித்தப்பா?

நந்தன் சித்தப்பா (ஃபிஸ்ப்): ஒரே ஓர் இடத்தில்தான், பிள்ளை, அதுவும் நான் நிற்கும் ஃபிஸ்ப்பில். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் ஏறலாம். லோசான், மொன்த்றோ, சியோன் வழியாக நேரே ஃபிஸ்ப்புக்கு வரும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஃபிஸ்ப்பில் பெரிய ரயிலை விட்டிறங்கி, ஒரு மீற்றர் அகலப் பாதையில் ஓடும் சிவப்பு ரயிலுக்கு மாற வேண்டும். நான் மேடையில் நின்று தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்வேன். விமான நிலையத்திலிருந்து செர்மாட் வரை நான்கு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேர்ணிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் சுகம். 2007 இல் 34.6 கிலோமீற்றர் நீளமான லொட்ஷ்பெர்க் அடிச் சுரங்கம் திறந்த பிறகு, பேர்ணிலிருந்து ஃபிஸ்ப்புக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆவதில்லை. அண்ணா, உங்கள் பெரியப்பா, 1985 இல் முதன்முதலாக இங்கே வேலைக்கு வந்தபோது அந்தச் சுரங்கம் இல்லை. கண்டர்ஸ்டேக் வரை மலை ஏறி, பழைய சுரங்கத்தால் கோப்பென்ஸ்டைனில் வெளிப்பட்டு, பிறிக்கில் இறங்கி, நிலையத்துக்கு முன்னால் வீதியோரம் நின்ற சிறிய ரயிலைத் தேடிப் பிடித்ததாகச் சொல்லுவார். வானோடு வருகிற குகனும் அதே கண்டர்ஸ்டேக்கில்தான் வானை ரயிலில் ஏற்றி, கோப்பென்ஸ்டைனில் இறக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அங்கே வரிசை நீளும். ஆகையால் என் விருப்பம், எல்லோரும் வெள்ளிக்கிழமை மதியம் ஃபிஸ்ப்பில் கூடி, ஒரே ரயிலில் மேலே போவதுதான்.

குகன் அத்தான்: எனக்கு வெள்ளிக்கிழமை வேலை.

கமலா மாமி: தம்பி, விழா சனிக்கிழமை மாலையில்தானே. ஒரு நாள் முன்னதாக ஏன் போக வேண்டும்?

நந்தன் சித்தப்பா (ஃபிஸ்ப்): ஏப்ரல் மாதத்தை நம்ப முடியாது, அக்கா. 2025 ஏப்ரல் 17 ஆம் திகதி, ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை, கடும் பனி கொட்டி வீதியும் ரயிலும் இரண்டும் நின்றுவிட்டன, மின்சாரமும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு ஜூனில் வெள்ளம் வந்து பாதையை மறித்தது. ஃபிஸ்ப்பிலிருந்து செர்மாட் வரையுள்ள 35 கிலோமீற்றரும் ஒரே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. ஆறும் வீதியும் தண்டவாளமும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, இரு கரையிலும் மலை செங்குத்தாக நிற்கிறது. வேறு வழியால் சுற்றி வர இடமில்லை. 1991 இல் ராண்டாவில் ஏப்ரலிலும் மே மாதத்திலுமாக 30 மில்லியன் கன மீற்றர் பாறை சரிந்து, தண்டவாளத்தையும் வீதியையும் மூடி, ஆற்றையும் அடைத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய பாக்கியம். அந்த இடத்தில் தண்டவாளத்தைத் தள்ளித்தான் மறுபடி போட்டார்கள். ரயிலில் வரும்போது ராண்டாவில் அந்தப் பாறைக் குவியலைப் பார்க்கலாம்.

டெஷ்ஷுக்கு மேலே ரயில் பாதையில் பனிச்சரிவைத் தாங்கும் கூரைகளும் சுரங்கங்களும் கட்டியிருக்கிறார்கள். வீதிக்கு அவ்வளவு பாதுகாப்பு இல்லை. பனிக்காலத்தில் வீதியைப் பூட்டிய பிறகும் பல தடவை ரயில் ஓடுகிறது. ஆனால் பனிச்சரிவு அபாயம் உச்சக் கட்டத்துக்குப் போனால் ரயிலையும் நிறுத்துவார்கள்.

கமலா மாமி: இவ்வளவையும் எழுதியபடியால் நானும் ஒன்றை எழுதுகிறேன். 2018 ஜனவரியில் என் வீட்டுக்காரரின் செத்த வீட்டுக்கு அண்ணா வரவில்லை. பாதை பூட்டு என்று சொன்னார். பருவ நேரத்தில் வேலையை விட்டு வர அவருக்கு மனமில்லை என்றுதான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தர்ஷினி (பேர்ண்): மாமி, இதைப் பிறகு தனியே பேசுவோமே.

பெரியம்மா: இல்லைப் பிள்ளை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கமலா, அந்த வாரம் செர்மாட்டில் 13,000 சுற்றுலாப் பயணிகள் அடைபட்டிருந்தார்கள். பனிச்சரிவு அபாயம் உச்சமான ஐந்தாம் கட்டம் என்று அறிவித்து, வீதியையும் ரயிலையும் மூடிவிட்டார்கள். அவர் விடியற்காலையில் வெள்ளைச் சட்டையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். நேரப் பலகையில் எல்லா ரயில்களும் ரத்து. அப்படியும் மதியம் வரை அங்கேயே நின்றார். ஹெலிகொப்டரில் ஆட்களை டெஷ்ஷுக்கு இறக்கத் தொடங்கியபோது உன் வீட்டில் தகனம் முடிந்துவிட்டது. தொலைபேசியில் உனக்குச் சொன்னார். நீ அழுதுகொண்டிருந்தாய், உன் காதில் விழுந்திருக்காது.

குகன் அத்தான்: அம்மா, அன்றைக்குத் தொலைபேசியை எடுத்தது நான்தான். பாதை மூடியிருக்கிறது என்று பெரிய மாமா என்னிடமும் சொன்னார்.

கமலா மாமி: நிலையத்தில் நின்றார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மயூரன்: அப்பா, ஞாயிற்றுக்கிழமை கொர்னர்கிறாட் மலைமுகட்டுக்குப் போகலாமா? பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள்.

நந்தன் சித்தப்பா (ஃபிஸ்ப்): போகலாம். அங்கே போகும் ரயில் செர்மாட் நிலையத்துக்கு எதிரிலேயே புறப்படுகிறது. 1898 இல் தொடங்கிய நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடுகிற பற்சக்கர ரயில் அது; 33 நிமிடத்தில் 3,089 மீற்றர் உயரத்தில் கொண்டுபோய் விடும். அரைக் கட்டண அட்டை செல்லுபடியாகும். முழு ஆண்டு அட்டை வைத்திருப்பவர்கள் இலவசம் என்று எண்ண வேண்டாம், அவர்களும் பாதிக் கட்டணம் கொடுக்க வேண்டும். குறுகிய நேரத்தில் 1,500 மீற்றருக்குக் கிட்ட ஏறுவதால், கமலா அக்கா இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுவிட்டு வருவது நல்லது.

அருணா அக்கா (லண்டன்): ஃபிஸ்ப்பிலிருந்து ஏறும் ரயிலிலும் காது அடைக்குமா? சின்னவன் அழுவான்.

நந்தன் சித்தப்பா (ஃபிஸ்ப்): அது மெதுவாகத்தான் ஏறும், பிள்ளை. ஃபிஸ்ப் 650 மீற்றர், செர்மாட் 1,600 மீற்றர்; இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. செங்குத்தான இடங்களில் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்லைப் பிடித்து ஏறும்போது வேகம் குறைந்து, தரைக்கு அடியில் ஒரு கடகடப்புக் கேட்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். பாலைக் கையில் வைத்திருங்கள்.

தர்ஷினி (பேர்ண்): பத்துப் பேர் சேர்ந்தால் குழுச் சீட்டு எடுக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் யார் யார் வருகிறீர்கள்?

கமலா மாமி: நான் வெள்ளிக்கிழமை வருகிறேன். எனக்கு ஓர் இடம் பிடியுங்கள். அன்றிரவு அண்ணா வீட்டில் நிற்கலாமா, மச்சாள்?

பெரியம்மா: நீ நம் வீட்டில்தான் நிற்க வேண்டும். ஆனால் அவருக்கு நான் என்ன சொல்வது?

குகன் அத்தான்: அம்மா மட்டும் வருகிறார் என்று சொல்லுங்கள், அது போதும். நான் சனிக்கிழமை காலை சட்டிகளோடு வருகிறேன்.

நந்தன் சித்தப்பா (ஃபிஸ்ப்): சனிக்கிழமை பாதை அடைபட்டால் சாப்பாடு உன்னோடு கீழே நின்றுவிடும், குகன். வெள்ளிக்கிழமை மாலையே சட்டிகளை ஃபிஸ்ப்புக்கு, என் வீட்டுக்கு, கொண்டு வர முடியுமா என்று பார்.

குகன் அத்தான்: வேலை முடிய ஆறு மணியாகும். மேலாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

தர்ஷினி (பேர்ண்): இதுவரை வெள்ளிக்கிழமைக்குச் சித்தப்பா வீட்டார் மூவர், மாமி, நான் என்று ஐந்து பேர். அருணா அக்கா, உங்கள் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது?

அருணா அக்கா (லண்டன்): இன்னும் சீட்டு எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை விமானம் கிடைக்குமா என்று பார்த்து நாளைக்கு எழுதுகிறேன்.