புதுப்பிப்பு: ட்ரூப்பி கேம்பரில் இரண்டாவது பேட்டரி

பழைய லேண்ட் குரூசர் ட்ரூப் கேரியரை (சுருக்கமாக ட்ரூப்பி) உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பராக்கும் முந்தைய பதிவில், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியை வெறும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியே, இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் இணைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். லித்தியம் கிடைக்கிற கரண்டையெல்லாம் உறிஞ்சும்; பழைய ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடலாம். நடுவில், கரண்டை அளவோடு விடும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

வயரில்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து சார்ஜருக்குப் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால், சார்ஜர் உள்ளே இழுக்கும் சுமார் 30 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மி.மீ. வயரில் சுமார் 0.9 வோல்ட் வீணாகும். 16 சதுர மி.மீ. வயரில் 0.3 வோல்ட்தான். நெகட்டிவுக்கும் தனி வயர் இழுங்கள், துருப்பிடித்த சேசிஸை (வண்டியின் இரும்புச் சட்டத்தை) நம்பாதீர்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ், லித்தியம் முனையிலும் இன்னொன்று. வயர் உரசித் தோல் கிழிந்தால் வண்டி எரியாமல் காப்பது அவைதான். புதிய பேட்டரியை பானட்டுக்குள் வைக்காதீர்கள். இன்ஜின் சூடு அதற்கு ஆகாது.