மின்சைக்கிளின் பின்சக்கர மோட்டாரில் கரகரப்புச் சத்தம்: பழுதுபார்க்க முடியுமா, சக்கரத்தையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: கடற்கரைப்பயணி

வணக்கம். சிங்கப்பூரில் பிடோக்கிலிருந்து சாங்கிக்கு, கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் சைக்கிள் பாதை வழியாக வாரத்தில் ஐந்து நாள் மின்சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். 20 அங்குலச் சக்கரம். பின்சக்கரத்தின் நடுவே 250 வாட் ஹப் மோட்டார். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரையும் பதிவு எண்ணும் முறையாக உள்ள வண்டி. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

மூன்று வாரங்களுக்கு முன் பின் டயரை ஒரு கடையில் மாற்றினேன். அதற்குச் சில நாள் கழித்து, நின்ற இடத்திலிருந்து மிதிக்கத் தொடங்கும்போது சக்கரம் ஒருமுறை உதறி உறும ஆரம்பித்தது. இப்போது அதோடு, மேட்டில் ஏறும்போது அம்மியில் கல்லுப்பை நுணுக்குவதுபோல ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. வேறொரு கடையில் காட்டினேன். அவர்கள் ஓட்டிக்கூடப் பார்க்காமல், மோட்டாரோடு சக்கரம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரவு 11 மணிக்கு வேலை முடிந்து திரும்புகிறவன் நான். வண்டி நடுவழியில் நின்றுவிடுமோ என்ற கவலை ஒரு பக்கம், தேவையில்லாமல் பெரிய செலவு செய்துவிடுவேனோ என்ற தயக்கம் மறுபக்கம். நானே எதையாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: ஈசூன்பட்டறை

தம்பி, சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். ஆகையால் எதையும் கழற்றாமல் இதைச் செய்து பாருங்கள்.

மோட்டாரை அணைத்துவிட்டு வண்டியை முன்னோக்கித் தள்ளுங்கள், பிறகு பின்னோக்கித் தள்ளுங்கள். பின்னோக்கித் தள்ளுவது மட்டும் கனமாக இருந்தால், உங்கள் மோட்டாருக்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன என்று பொருள். இரு பக்கமும் ஒரே கனமாக இருந்தால், அது பல்சக்கரமே இல்லாமல் காந்தங்களோடு சேர்ந்து ஹப்பே சுழலும் வகை. முதல் வகையில் ஒருவழிக் கிளட்ச் ஒன்று உண்டு. சக்கரம் முன்னோக்கித் தானாக உருளும்போது அது மோட்டாரை விடுவித்துவிடும். பின்னோக்கி உருட்டினாலோ பிடித்துக்கொண்டு, பல்சக்கரங்களையும் மோட்டாரையும் சேர்த்தே சுழற்றும். அதாவது, மின்சாரம் ஒரு துளிகூட இல்லாமல், உள்ளே இருக்கும் பற்கள் உரசுவதை நிதானமாகக் கேட்பதற்கு நமக்குக் கிடைத்த வழி இந்தப் பின்னோக்கிய உருட்டல்தான். அப்போது கரகரத்தால் பல்சக்கரத்தின் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

முன்னோக்கி உருளும்போதும் சத்தம் இருந்தால் ஹப்பின் வெளிப் பேரிங், டிஸ்க் பிரேக், தளர்ந்த ஸ்போக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பேரிங்கைச் சோதிக்கப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை அச்சு நட்டின் மேல் வைத்து, அதன் கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்ளுங்கள். வேறொருவர் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றட்டும். நல்ல பேரிங் மெல்லிய காற்றோசைபோல் கேட்கும். துருப்பிடித்தது மணலை அரைப்பதுபோல் எலும்பிலேயே உணரப்படும்.

டக், டக் என்று விட்டுவிட்டு வரும் சத்தமானால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒருமுறை மட்டும் வந்தால் டிஸ்க், ரிம், ஸ்போக் என வெளியே தேடலாம். உள்ளே இருக்கும் மோட்டார், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஏறத்தாழ ஐந்து முறை சுற்றிவிடும் என்பதால், பல் உடைந்த சத்தம் அடுக்கடுக்காகத்தான் வரும்.

பதில்: கம்பியும்கருவியும்

டயரை மாற்றியதாக நீங்கள் எழுதியிருப்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மோட்டார் கேபிளின் பிளக்கைப் பிரித்தே ஆக வேண்டும். பல வண்டிகளில் அது ஒன்பது முனைகள் கொண்ட ஒரே உருண்டைப் பிளக்காக இருக்கும்: மின்சாரத்தைச் சுமக்கும் மூன்று தடித்த முனைகள், மற்றவை ஹால் சென்சருக்கும் (மோட்டாரின் காந்தங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்வது) வேகத்தை அளக்கும் சென்சருக்கும் உரியவை. தடித்த மூன்றில் ஒன்று சரியாகத் தொடாமல் போனாலும், ஹால் சென்சரின் தகவல் ஒன்று விட்டுப்போனாலும், மோட்டார் புறப்படும்போது உதறும், உறுமும். நீங்கள் சொன்ன முதல் அறிகுறி அப்படியே இதுதான்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். இரு பக்கத்து அம்புக்குறிகளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். திருகாமல் நேராக அழுத்துங்கள். திருகினால் முனைகள் வளைந்துவிடும். அப்படியும் உதறல் தீரவில்லை என்றால் மல்டிமீட்டரால் ஹால் சென்சரைச் சோதிக்கலாம். பேட்டரியைத் திரும்ப மாட்டி, சென்சருக்கு 5 வோல்ட் வருகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, சக்கரத்தை மிக மெதுவாகச் சுழற்றும்போது மூன்று சமிக்ஞைக் கம்பிகளிலும் மின்னழுத்தம் சுழியத்துக்கும் மேல் அளவுக்கும் மாறிமாறித் தாவ வேண்டும். பல்சக்கர மோட்டார் என்றால் இங்கும் சக்கரத்தைப் பின்னோக்கியே சுழற்ற வேண்டும்; முன்னோக்கிச் சுழற்றி, எதுவும் மாறவில்லையே என்று நல்ல சென்சரைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரைப்பயணி

இருவருக்கும் மிக்க நன்றி. பிளக்கில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அழுத்தி உட்கார வைத்ததும் உதறலும் உறுமலும் அடியோடு நின்றுவிட்டன. ஆனால் மேட்டில் வரும் கரகரப்பு அப்படியே இருக்கிறது. பின்னோக்கித் தள்ளும்போது வண்டி கனக்கிறது, அதே கரகரப்பும் மெலிதாகக் கேட்கிறது. முன்னோக்கி உருட்டினால் சுற்றுக்கு ஒருமுறை ஒரு சிறு உரசலைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஸ்குரூடிரைவரில் கேட்டபோது பேரிங் சுத்தமாக இருந்தது.

பதில்: ஈசூன்பட்டறை

அப்படியானால் பல்சக்கரம்தான். தளர்ந்த பிளக்கோடு நாள்தோறும் உதறி உதறிப் புறப்பட்டதில் பற்கள் அடி வாங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். சக்கரம் முழுவதையும் மாற்றுவதற்கு இது காரணமே ஆகாது.

பேட்டரியைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். அச்சின் இரு பக்கத்து வாஷர்களும் எந்த வரிசையில், எந்த முகம் வெளியே பார்த்திருக்கின்றன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தால் நடுவில் ஓர் இரும்புப் பல்சக்கரமும், அதைச் சுற்றி மூன்று நைலான் பல்சக்கரங்களும் இருக்கும். ஒன்றுதான் தேய்ந்திருக்கிறது என்றாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பல்லும் பழைய பல்லும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது. பல்லின் எண்ணிக்கை, வெளி விட்டம், தடிப்பு, நடுத்துளை ஆகிய நான்கையும் அளந்த பிறகே புதியவற்றை வாங்குங்கள். நீடித்து உழைக்கும் என்று இரும்புப் பல்சக்கரம் போடச் சொல்வார்கள். நான் போட மாட்டேன்: சத்தம் கூடும், சிக்கல் வந்தால் மலிவான நைலானுக்குப் பதிலாக வேறு எதுவோ உடையும்.

பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, லித்தியம் கிரீஸைப் பற்களில் மெல்லியதாகத் தடவுங்கள். கிளட்சுக்குள் கெட்டியான கிரீஸை அடைக்காதீர்கள், உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். துருநீக்கி எண்ணெயை உள்ளே பீய்ச்சவே கூடாது. கொஞ்சநஞ்சம் இருக்கும் கிரீஸையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். காந்தங்கள் வலுவானவை என்பதால் இரும்புத்தூள் உள்ள மேசையில் மோட்டாரை வைக்காதீர்கள்.

பதில்: பொங்கோல்அக்கா

திறக்கும்போது கேபிள் அச்சுக்குள் நுழையும் இடத்தையும் பாருங்கள், தம்பி. கேபிள் அச்சைவிடத் தாழ்வாக ஒரு வளைவு இறங்கிப் பிறகு ஏறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நேராக மேலிருந்து வந்தால் தண்ணீர் கேபிள் வழியே உள்ளே போகும். நீங்கள் போவது உப்புக்காற்று வீசும் பாதை என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, பழுதுபார்க்கும் சாக்கில் கூடுதல் ஆற்றல் தரும் கண்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்தித் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் மோட்டார் உதவும்படி வண்டியை மாற்றுவது இங்கே குற்றம்.

கடற்கரைப்பயணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பழைய செய்தித்தாளை விரித்துப் பிரித்தேன். கிரீஸ் தார்போலக் கறுத்துக் காய்ந்திருந்தது. மூன்று நைலான் பல்சக்கரங்களில் ஒன்றின் பற்கள் கத்தி முனைபோல் கூர்ந்து, விரல் நகத்தால் தடவினால் நகம் சிக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. கேபிள் நுழையும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. அக்கா சொன்னபடி கேபிளைத் தாழ்த்திக் கட்டிவிட்டேன்.

புதிய பல்சக்கரங்கள் வந்து சேர 12 நாள் ஆயிற்று. பூட்டிய பிறகு பின்னோக்கித் தள்ளினால் கனம் மட்டுமே இருக்கிறது, கரகரப்பு இல்லை. நேற்று இரவு மேட்டில் ஏறியபோது எனக்குக் கேட்டது கடலலையின் ஓசைதான்.

சுற்றுக்கு ஒருமுறை வந்த உரசலுக்கும் காரணம் தெரிந்தது. அச்சு திரும்பாமல் பிடிக்கும் கொக்கி வாஷரை, டயர் மாற்றிய கடையில் உட்புறம் வெளியே பார்க்க மாட்டியிருந்தார்கள். சக்கரம் ஒரு நூல் சாய்ந்து டிஸ்க் உரசியது. கொக்கி சட்டத்தின் பிளவுக்குள் உட்காரும்படி திருப்பி மாட்டி, நட்டை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியதும் அந்த உரசலும் நின்றது.