புதிய வைஃபை தரம் முடிவாகும் வரை ரவுட்டர் வாங்காமல் இருக்கலாமா?

பாலக்கோடு வாசகர் (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டின் கீழ்த்தளம் தாத்தா காலத்துக் கருங்கல் கட்டடம். மாடி பின்னாளில் செங்கல்லில் எழுப்பியது. ஃபைபர் பெட்டி கீழே முன்கூடத்தில் இருக்கிறது. அதனுடன் இணைத்துள்ள பழைய ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தரக்கூடியது. ஓசூர் நிறுவனம் ஒன்றுக்காக மாடியறையிலிருந்து வேலை பார்க்கும் மகளுக்குக் காணொளிக் கூட்டத்தின் நடுவே குரல் விட்டுவிட்டு வருகிறது. 150 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும், ரவுட்டரின் பக்கத்தில் நின்று சோதித்தால்கூட அதில் பாதி வேகம் வருவதில்லை. கடையில் வைஃபை 6, வைஃபை 7 இரண்டையும் காட்டுகிறார்கள். வைஃபை 8 தரம் 2028 வாக்கில்தான் முடிவாகும் என்று படித்தேன். இப்போது வாங்கினால் அதற்குள் பழசாகிவிடுமோ என்று தயங்குகிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி, நெட்வொர்க் பணியில் இருப்பவர்

ஐயா, காத்திருக்க வேண்டாம். தரம் முடிவான பிறகுதான் பொருள் கடைக்கு வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வைஃபையில் பெரும்பாலும் பொருள்தான் முந்துகிறது. 802.11என் (பின்னாளில் வைஃபை 4 எனப்பட்டது) தரத்தின் இறுதி வடிவம் 2009இல்தான் வந்தது. ஆனால் கருவிகளுக்குச் சான்று தரும் நிறுவனக் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் அதன் இரண்டாம் வரைவை வைத்தே 2007இல் சான்றளிக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சான்று பெற்ற கருவிகள் இறுதித் தரத்துடனும் ஒத்துப்போயின. சிக்கிக்கொண்டவர்கள் அதற்கு முன்பே, 2006இல், முதல் வரைவை நம்பி வாங்கியவர்கள்தான். ஒரு நிறுவனத்தின் ரவுட்டருடன் மற்றொரு நிறுவனத்தின் கருவி முழு வேகத்தில் பேசவில்லை. வைஃபை 6க்கான சான்று 2019 செப்டம்பரில் தொடங்கியது, தரத்தை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐஈஈஈயின் ஒப்புதல் 2021 பிப்ரவரியில் வந்தது. வைஃபை 7க்கு 2024 ஜனவரியில் சான்று, அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்புதல். ஆகவே நீங்கள் கடையில் பார்த்த இரண்டுமே முடிவான தரங்கள். வைஃபை 8 முக்கியமாக நம்பகத்தன்மையைக் கூட்டும் நோக்கத்துடன் உருவாகிறது. உச்ச வேகம் அதன் முதல் குறிக்கோள் அல்ல. அது வந்த பிறகும் இன்றைய கைபேசியும் மடிக்கணினியும் பழைய தரத்திலேயே பேசும், இன்றைய ரவுட்டரும் நின்றுவிடாது.

பெட்டியில் வைஃபை அலையன்ஸின் சான்று முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2020 ஜூலை முதல் புதிதாகச் சான்று பெறும் கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 என்ற வைஃபை மறையாக்கப் பாதுகாப்பு கட்டாயம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய ரவுட்டரில் அலுவலக வேலையைத் தொடர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தருமபுரி வாசகர்

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் முடிவான தரம் என்பதற்காக வைஃபை 7க்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் தட அகலம் (தடம் அகலமானால் வேகம் கூடும்) 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் கிடைக்கும். இந்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகள் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட முன்வந்தன. அந்த 500 மெகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 320 அகலத் தடம் ஒன்றுதான் அடங்கும். போதாததற்கு, வைஃபை 7 என்று விற்கப்படும் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அதிர்வெண் கூடக் கூடச் சுவரைத் துளைக்கும் திறன் குறையும் என்பதால், கருங்கல் சுவருக்கு அப்பால் அது இருந்தும் பெரிய பயன் இல்லை. 150 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரட்டை அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) வைஃபை 6 தாராளம்.

காவேரிப்பட்டணம், கேபிள் வேலை செய்பவர்

ஐயா, ரவுட்டரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள். பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் வயரின் முனையில் கண்ணாடிபோல் ஒரு பிளக் இருக்கும். அதற்குள் எத்தனை வண்ணக் கம்பிகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். ஆரஞ்சும் பச்சையுமாக நான்கு மட்டும் இருந்தால், எந்த ரவுட்டர் வாங்கினாலும் அந்த வயரில் 100 எம்பிபிஎஸ் தாண்டாது. கிகாபிட் வேகத்துக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டுக் கம்பிகளும் வேண்டும். ரவுட்டரின் அடியில் 10/100 என்று அச்சிட்டிருந்தால் அதுவும் அதே தடைதான். ஃபைபர் பெட்டியின் போர்ட்டையும் கிகாபிட்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாலக்கோடு வாசகர்

மிக்க நன்றி. பார்த்தேன், நான்கு கம்பிகள்தான், ரவுட்டரிலும் 10/100 என்றே இருக்கிறது. ஃபைபர் பெட்டியில் கிகாபிட் போர்ட் ஒன்று உண்டு, அதிலேயே வைஃபையும் வருகிறது. வைஃபை 6 வாங்க முடிவு செய்துவிட்டேன். அதையும் கீழேயே வைக்கலாமா?

காவேரிப்பட்டணம், கேபிள் வேலை செய்பவர்

வேண்டாம் ஐயா. கீழே பெட்டியின் வைஃபையே இருக்கட்டும். புது ரவுட்டர் மாடிக்குப் போகட்டும். எட்டுக் கம்பியுள்ள கேட் 6 வயரை அந்த கிகாபிட் போர்ட்டிலிருந்து மாடியறைக்கு இழுத்து, ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (கீழ்ப் பெட்டியின் இணைப்பை வைஃபையாகப் பரப்புவது மட்டும் அதன் வேலை) போடச் சொல்லுங்கள். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் வெளிப்புற வயராக வாங்குங்கள், மின்வயருடன் ஒரே குழாயில் விடாதீர்கள். மகளின் மேசையருகே ஒரு முனை வந்துவிட்டால், கூட்டம் நடக்கும்போது மடிக்கணினியை ரவுட்டரில் நேராகவே செருகிக்கொள்ளலாம்.