மேக்ரோவின் உள்மாறியும் வெளிமாறியும் ஒரே பெயரில் இருந்தால்

கேள்வி (குலசேகரம்):
ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் நிரலைச் சி மொழியில் எழுதி வருகிறேன். இரு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றும் ‘ஸ்வாப்’ மேக்ரோ (பெயரை எழுதிய இடத்தில் விரியும் நிரல் துண்டு), தனக்குள் ‘டெம்ப்’ என்ற தற்காலிக மாறியை அறிவித்து, முதல் மாறியின் மதிப்பை அதில் வைத்து, இரண்டாவதை முதலாவதிலும் ‘டெம்ப்’பை இரண்டாவதிலும் போடுகிறது. மற்ற இடங்களில் சரியாக இயங்கும் அது, வெப்பநிலைக்கு நான் வைத்த ‘டெம்ப்’ மாறியையும் ‘மேக்ஸ்’ மாறியையும் கொடுத்தால் எதையும் மாற்றுவதில்லை. ஜிசிசி கம்பைலரும் பிழை காட்டவில்லை. உள்மாறி நெளிவடைப்புக்குள்தானே இருக்கிறது?

பதில் (தக்கலை):
அந்த அடைப்புதான் பிழையை மறைக்கிறது; அது இல்லாவிட்டால் ஒரே பெயர் இருமுறை அறிவிக்கப்பட்டதாகக் கம்பைலரே தடுத்திருக்கக்கூடும். மேக்ரோ வெறும் எழுத்து மாற்றம் என்பதால் உங்கள் முதல் வரி ‘டெம்ப் = டெம்ப்’ என்றாகிறது. சி மொழியில் மாறியின் பெயர் அதன் தொடக்க மதிப்புக்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிடுவதால், வலப்புறம் இருப்பதும் இன்னும் மதிப்புப் பெறாத அதே உள்மாறிதான். அடுத்த வரியில் ‘மேக்ஸ்’ மதிப்பு அதற்குள் போய், கடைசி வரியில் ‘மேக்ஸ்’ மாறிக்கே திரும்புகிறது. வெளியே உள்ள வெப்பநிலையை எந்த வரியும் தொடுவதில்லை. ஜிசிசி கட்டளையில் ‘-இ’ கொடுத்தால் மேக்ரோ விரிந்த வடிவத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். எச்சரிக்கை வேண்டுமானால் ‘-டபிள்யூஷேடோ’ என்று தனியாகக் கொடுங்கள். பல எச்சரிக்கைகளைச் சேர்த்துத் தரும் ‘-டபிள்யூஆல்’, ‘-டபிள்யூஎக்ஸ்ட்ரா’ இரண்டிலும் அது அடங்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. உள்மாறியின் பெயருக்குப் பின்னால் ஒரு கீழ்க்கோடு சேர்த்தால் போதுமா?

பதில் (நாகர்கோவில்):
இந்த ஒரு மேக்ரோவுக்குப் போதும். முன்னால் இரட்டைக் கீழ்க்கோடு மட்டும் வேண்டாம். அத்தகைய பெயர்கள் கம்பைலருக்கும் அதன் நூலகத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. ஆனால் நாளை வேறொரு மேக்ரோ, தன் உள்மாறியையே ‘ஸ்வாப்’ மேக்ரோவுக்குக் கொடுத்து, இரண்டிலும் நீங்கள் அதே பெயரை வைத்திருந்தால், பழைய சிக்கல் அப்படியே திரும்பும். நிரலின் வரி எண்ணைப் பெயரோடு ஒட்டித் தனித்ததாக்குவதும் அங்கே உதவாது, ஏனெனில் ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் மேக்ரோக்கள் எல்லாவற்றுக்கும் கிடைப்பது ஒரே வரி எண். ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களிலும் உள்ள ‘கவுண்டர்’ முன்வரையறை மேக்ரோ, விரியும் ஒவ்வொரு முறையும் எண்ணை ஏற்றுவதால் பொருந்தும். லினக்ஸ் கெர்னலும் அதைக் கொண்டு தனித்த பெயர்களை உருவாக்குகிறது. இரு பெயர்த் துண்டுகளை இணைக்கும் இரட்டை ஹேஷ் குறியால் ஒட்டும்போது இடையில் இன்னொரு மேக்ரோ வேண்டும். இல்லையேல் எண்ணுக்குப் பதில் ‘கவுண்டர்’ என்ற எழுத்துகளே ஒட்டிக்கொள்ளும்.

பதில் (மார்த்தாண்டம்):
வெப்பநிலைகள் எல்லாம் முழு எண்களாகவே இருந்தால் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்பது என் கருத்து. சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரத்திலிருந்தே ‘ஸ்டாட்டிக் இன்லைன்’ ஃபங்ஷன் எழுத முடிகிறது. இரு பாயிண்டர்களை (மாறிகளின் முகவரிகளை) பெற்று இடம் மாற்றும் ஃபங்ஷனின் உள்மாறிக்கு ‘டெம்ப்’ என்றே பெயர் வைத்தாலும், அழைக்கும் இடத்தில் உள்ள ‘டெம்ப்’ அதனோடு மோதாது. வெவ்வேறு வகை மாறிகளுக்கு ஒரே ‘ஸ்வாப்’ வேண்டும் என்றால் மட்டும், சி23 தரத்தில் சேர்ந்துள்ள, மாறியின் வகையை எடுத்துத் தரும் ‘டைப்ஆஃப்’ உடன் மேக்ரோவை வைத்துக்கொள்ளுங்கள்.