பாண்டிங்: 'சமன்கட்டு' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலுள்ள உலோகக் குழாய்களைக் கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் 'பாண்டிங்' (bonding) என்பதற்கு 'மின்பிணைப்பு' போதும், பேச்சில் 'எர்த்' என்றே சொல்லிவிட்டுப் போகலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம், போன மாதம் செல்லூரில் ஒரு வீட்டில் நடந்தது.

பழைய வீடு. கொல்லைப்புறத்தில் சிலிண்டர், அங்கிருந்து அடுப்புக்குச் செம்புக் குழாய். தண்ணீருக்கு ஜி.ஐ. பைப், அதாவது இரும்புக் குழாய். வயரிங் வேலை பார்த்த தம்பியிடம், "கேஸ் பைப்புக்கும் எர்த் கொடுத்துருப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், மிக்ஸி பிளக் பாயின்ட்டின் பச்சை எர்த் ஒயரைக் கேஸ் குழாயில் நாலு சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருக்கிறான். அந்தப் பாயின்ட்டுக்கு வேறு எர்த்தே கிடையாது. "நீங்கதானண்ணே சொன்னீங்க" என்றான். அவன்மேல் தப்பில்லை. நான் சொன்ன சொல் அப்படி.

எர்த் என்பது கசிந்த மின்சாரத்துக்கு வழி விடுவது. பாண்டிங் வேறு வேலை. கீஸர் பழுதாகித் தண்ணீர்க் குழாயில் 100 வோல்ட் ஏறிவிட்டது, கேஸ் குழாய் சுழியத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கை குழாயில், மறு கை அடுப்புக் குழாயில் பட்டால் அந்த 100 வோல்ட் தள்ளும் மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் பாயும். இரண்டையும் தடித்த செம்புக் கம்பியால் கட்டி, மெயின் எர்த் முனையோடும் சேர்த்துவிட்டால், ஏறினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். இரு கைகளுக்கு நடுவே வேறுபாடு அநேகமாக இருக்காது. மின்கம்பியில் காக்கை உட்கார்ந்தும் சாகாமல் இருப்பது இதனால்தான். முழுக்கப் பிளாஸ்டிக்கான குழாய்க்கு இது தேவையில்லை.

பிரிட்டனின் வயரிங் விதியான பி.எஸ். 7671 இதில் தெளிவாக இருக்கிறது. கேஸ் குழாயை எர்த் மின்முனையாக, அதாவது மின்சாரத்தை மண்ணில் இறக்கும் வழியாக, பயன்படுத்தக் கூடாது. ஆனால் வீட்டுக்குள் நுழையும் உலோகக் கேஸ் குழாயைப் பாண்டிங் செய்தே ஆக வேண்டும். ஒரே குழாய்க்கு ஒன்று தடை, மற்றொன்று கட்டாயம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த விதியைத் தமிழில் எழுதத்தான் முடியுமா?

சரி, சொல்லுக்கு வருவோம். 'இணைப்பு' என்றால் ஊரில் ஈபி இணைப்புதான். 'பிணைப்பு' வேதியியலில் வேரூன்றிவிட்டது. 'சமப்பிணைப்பு' என்றால் மாணவர் காதில் வேதியியலின் 'சகப்பிணைப்பு' (covalent bond) என்றே விழும். பாடநூலில் 'சமமின்னழுத்தப் பரப்பு' இருக்கிறது, அதையொட்டி 'சமமின்னழுத்தப் பிணைப்பு' எனலாம். பொருள் துல்லியம்தான். ஆனால் ஏணிமேல் நிற்பவனிடம் கத்திச் சொல்லக்கூடிய சொல் அல்ல. எனக்கு மிகவும் பிடித்தது 'மின்தளை'. யாப்பில் சீரோடு சீர் சேர்வது தளை. குழாயோடு குழாய் சேர்வதற்கு அது எவ்வளவு பொருத்தம்! ஒரு நாள் முழுக்க அதைச் சொல்லிப் பார்த்தேன். போனில் கேட்டவரெல்லாம் 'மின்தடை' என்றே எடுத்துக்கொண்டார்கள். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்கள். மனசில்லாமல்தான் விட்டேன்.

என் முன்மொழிவு 'சமன்கட்டு'. சமன் என்பதில் நோக்கம் இருக்கிறது, கட்டு என்பதில் செயல். வினையாகவும் வரும்: சமன்கட்ட வேண்டும், சமன்கட்டியாச்சா. கம்பியைச் 'சமன்கட்டுக் கம்பி' எனலாம். 'சரிக்கட்டு' நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரும்தான். ஆனால் ஆளைச் சரிக்கட்டுகிற பேச்சும் குழாயைச் சமன்கட்டுகிற பேச்சும் ஒரே இடத்தில் வராது என்பதால் குழப்பம் இருக்காது.

மறுநாள் அந்தப் பச்சை ஒயரைக் கழற்றச் சொல்லி, பாயின்ட்டுக்கு முறையாக எர்த் இழுத்த பிறகு, தம்பியிடம் "கேஸ் பைப்பைச் சமன்கட்டணும்ப்பா" என்றேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எதோடண்ணே?" என்று கேட்டான்.