மறு: "தற்காலிக வரிக்குறைப்பு" போதுமா?

வணக்கம் நண்பர்களே,

நெருக்கடி நேரத்துல அரசாங்கம் நுகர்வு வரிய, அதாவது பொருள் வாங்கும்போது விலையோட சேத்துக் கட்டுற வரிய, ஒரு குறிப்பிட்ட நாள் வரைக்கும் மட்டும் இறக்குறதுக்கு விக்சனரிங்கிற இணைய அகராதில என்ன தமிழ்ச் சொல் போடலாம்னு நம்ம குழுவுல கேட்டதுக்கு, "தற்காலிக வரிக்குறைப்பு"ன்னே வச்சுக்கலாம்னு ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதுல ஒரு தயக்கம் இருக்கு. தற்காலிகம்னா இப்போதைக்கு இருக்கு, எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. தற்காலிகப் பணியாளர்னு சேந்தவங்க எத்தன வருஷமா அப்படியே இருக்காங்க. ஆனா இந்த வழிக்கு உயிரே முடிவு தேதிதான்.

2008 நவம்பர்ல பிரிட்டன் நிதியமைச்சர் அலிஸ்டேர் டார்லிங் மதிப்புக் கூட்டு வரிய (அங்க நுகர்வு வரிங்கிறது இதுதான்) 17.5 சதவீதத்துலேந்து 15க்கு இறக்குறோம்னு அறிவிச்சப்பவே, டிசம்பர் 1ல ஆரம்பிச்சு 2009 டிசம்பர் 31 வரைக்கும்தான்னு சொல்லிட்டாரு, அதே மாதிரி 2010 ஜனவரி 1ல திரும்ப 17.5 ஆயிடுச்சு. ஜெர்மனில கொரோனா சமயத்துல, 2020 ஜூலைலேந்து டிசம்பர் வரைக்கும் ஆறே மாசம், இதே வரியோட பொது விகிதத்த 19 சதவீதத்துலேந்து 16 ஆக்குனாங்க, சலுகை விகிதத்த 7லேந்து 5 ஆக்குனாங்க. நாள் தெரியிறதாலதான் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்ட ஃப்ரிட்ஜயோ காரயோ ஜனங்க இப்பவே வாங்கிடுவாங்க, அப்புறம் விலை ஏறிடும்ல. அந்த அவசரம் "தற்காலிக"ங்கிற சொல்லுல இல்லவே இல்ல.

"வரி விடுமுறை" வேண்டாம். புதுசா தொழில் தொடங்குற கம்பெனிக்கு சில வருஷம் வரியே இல்லன்னு விடுறதுக்கு அது ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, இங்க வரி இருக்கத்தான் செய்யுது, குறையுது, அவ்வளவுதான்.

"வரித் தள்ளுபடி"யும் சரியா வரல. தள்ளுபடின்னாலே ஆடித் தள்ளுபடி ஞாபகம் வரும், அது கடைக்காரர் தர்றது. இங்க அரசாங்கம் வரிய இறக்குது, விலைய இறக்குறதா இல்ல லாபத்துல வச்சுக்குறதாங்கிறது கடைக்காரர் கையில. முழுசா இறக்குனாலும் அன்னைக்கு பிரிட்டன்ல 117.50 பவுண்டு பொருள் 115 ஆகும், நூத்துக்கு ரெண்டு சொச்சம்தான். அதனால விலை குறையுதுன்னு நினைக்க வைக்கிற எந்தச் சொல்லும் இதுக்குள்ள வரக்கூடாதுன்னு நான் அழுத்தியே சொல்லுவேன்.

என்னோட பரிந்துரை: காலவரை வரிக்குறைப்பு.

காலவரையற்ற வேலைநிறுத்தம், காலவரையற்ற உண்ணாவிரதம்னு சுவரொட்டி பாத்தே வளந்தவங்க நாம, அந்த "அற்ற"வ எடுத்துட்டா மிச்சம் யாருக்கும் விளக்க வேண்டாம். "கெடு"வும் யோசிச்சேன், கெடுவுக்குள்ள வாங்கிடுங்கன்னு பேச்சுல அழகா உக்காருது, ஆனா "கெடு வரி"ன்னு பக்கத்துல வந்தா கெட்ட வரின்னு படிச்சிடுவாங்க. "காலவரம்பு" தப்பில்ல, கொஞ்சம் நீளம், அதோட விண்ணப்பம் போட கடைசி நாள் மாதிரி ஒரு வாசனை.

வாக்கியத்துல வச்சுப் பாருங்க: "ஜெர்மனி 2020ல் ஆறு மாதக் காலவரை வரிக்குறைப்பை அறிவித்தது." எனக்கு நாக்குல தடங்கலே இல்ல. "காலவரை" தனியா நின்னா அரைகுறையா இருக்கு, "காலவரையுள்ள"ன்னுதான் வரணும்னு இலக்கணம் தெரிஞ்சவங்க யாராவது நினைச்சா விக்சனரில ஏத்துறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.